அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?

1

சென்ற மாதம் என் மகள் கவிதா பள்ளிக்கூடத்தில் போய், "அம்மா என்னைக் கொன்றுவிடுவேன் என்று சொன்னாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு ஆறு வயது. அன்று காலையில் நடந்தது இவ்வளவுதான். ஷூவைப் போடாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதத் தம்பி என் இடுப்பில் இருந்து அழுதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் எந்தத் தாயும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"ஏட்டி, எந்திரிக்கப் போறியா இல்லியா? கொன்னே போட்டிருவேன் பாத்துக்கோ."

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா இதை என்னிடம் சொல்லாத நாள் கிடையாது. சொன்ன வாயோடு என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை பின்னிவிடுவாள்.

கவிதா வகுப்பில் முகம் வாடி இருந்திருக்கிறாள். டீச்சர் என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்திருக்கிறாள். பிள்ளைக்குத் தமிழ் மறந்து போகிறதே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் துளிப் பிழையில்லாமல் புரிந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. இந்த வீட்டில் மணி அடிப்பது தபால்காரர் மட்டும்தான். திறந்தால் இரண்டு பெண்கள். ஒருவர் கரோல், குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து. மற்றவர் மார்கரெட், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய்வரும் நர்ஸ். இருவரும் கழுத்தில் தொங்கிய அட்டைகளைக் காட்டினார்கள். நான் அட்டையைப் படிக்கவில்லை. அவர்கள் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தில் மனம் எதையாவது பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர். ஒரு காலத்தில் பஞ்சாலைகள் நிறைந்திருந்த ஊராம். இப்போது புகையில்லாத புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றன. என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். நூற்பு இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனி அவரை இங்கே கூட்டி வந்தது. கம்பெனி இங்கே இருக்கிறது, இயந்திரம் வாங்குகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அதனால் மாதத்தில் பாதி நாள் அவர் எகிப்திலோ துருக்கியிலோ எதையாவது பூட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கும் எகிப்தில்தான் இருந்தார்.

கரோல் என்னிடம் குரலை உயர்த்தவே இல்லை. மாடியைப் பார்க்கலாமா என்றார். பிள்ளைகளின் படுக்கையைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா என்றார். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் அனுமதி கேட்கும்போது உடம்பு கூசுகிறது. பிறகு குழந்தையின் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.

அவன் முதுகின் அடியில், இடுப்பை ஒட்டி, ஒரு கருநீலத் திட்டு உண்டு. பிறந்ததிலிருந்தே இருக்கிறது. எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குக் கைக்குழந்தையில் அப்படித்தான் இருந்தது. கரோலின் முகம் மாறியது.

"இது எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"அவன்கூடவே வந்தது" என்று தமிழில் நினைத்து, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"யாருடன் கூட வந்தது? வேறு யாராவது வீட்டுக்கு வந்தார்களா?"

பிறப்பு என்பதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். அன்றைக்கு அது வரவில்லை.

2

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று மார்கரெட் கேட்டார். தலையாட்டினேன். எங்கோ ஒரு எண்ணுக்குப் பேசினார்கள். முதலில் ஒரு பெண் இந்தியில் பேசினார். எனக்கு இந்தி தெரியாது என்று சொல்லவும் ஆங்கிலம்தான் வேண்டியிருந்தது. செத்த நேரம் கழித்து வேறொரு குரல் வந்தது.

"வணக்கம் அக்கா, நான் லண்டனிலயிருந்து கதைக்கிறன்."

யாழ்ப்பாணத் தமிழ். என் கணவரையும் பிள்ளைகளையும் தவிர ஒருவர் என்னிடம் தமிழில் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதுவும் அக்கா என்று.

காலையில் என்ன சொன்னேன் என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். மறுமுனையில் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு சிரிப்பை அடக்கும் மூச்சு கேட்டது.

"எங்கட அம்மாவும் இதைத்தான் சொல்லுறவ. 'கொன்றுபோடுவன்' எண்டு. நீங்கள் பயப்பிடாதேங்கோ. நான் இவைக்கு விளங்கப்படுத்துறன்."

அவள் கரோலிடம் நீண்ட நேரம் பேசினாள். கரோல் இரண்டு மூன்று முறை என்னைப் பார்த்தார். முடிவில் அந்த வார்த்தை பற்றிய கவலை தீர்ந்தது. குழந்தையின் முதுகை மட்டும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும் என்றார்கள்.

போனை வைப்பதற்கு முன்னால் அந்தப் பெண், "அக்கா, நீங்கள் எவடம்?" என்று கேட்டாள். "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றேன். அந்தப் பெயரைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. "ஓம் அக்கா, ஓம்" என்று மட்டும் சொன்னாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கக் கூடாது என்பது அவர்கள் விதியாம்.

கரோலின் காரில் போனோம். வழியில் பள்ளிக்கூடத்தில் கவிதாவையும் ஏற்றிக்கொண்டோம். அவள் என் பக்கத்தில் உட்காராமல் ஜன்னல் ஓரம் ஒட்டி உட்கார்ந்தாள். மருத்துவமனையில் நெடுநேரம் காத்திருந்த பிறகு நரைத்த தலையுடன் ஒரு பெண் டாக்டர் வந்தார். குழந்தையைக் குப்புறப் போட்டு அந்தத் திட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அவன் சிரித்தான்.

"இது அடிபட்ட காயம் இல்லை. பிறவி மச்சம். ஆசியக் குழந்தைகளுக்கு நிறைய இருக்கும். வளர வளர மறைந்துவிடும். பிறந்தபோதே குழந்தையின் பதிவேட்டில் இதை எழுதி வைத்திருக்க வேண்டும்" என்று கரோலைப் பார்த்துச் சொன்னார்.

கரோல் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே கேட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். சமையலறை மேசையில் உட்கார்ந்து கடைசியாகச் சில கேள்விகள் கேட்டார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

"என் கணவர்."

"அவர் வெளிநாட்டில் இருந்தால்?"

நான் குழந்தையை மடியில் இழுத்து உட்காரவைத்தேன்.

"அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? ஒரு தோழி? பக்கத்தில் ஒருவர்?"

மத்தியானத்திலிருந்து அவர் கேட்ட கேள்விகளில் எதுவும் என்னை இப்படி அடிக்கவில்லை. பிள்ளையை அடித்தாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. இதற்குச் சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. கரோல் காத்திருந்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "பரவாயில்லை" என்றார்.

3

இதே கேள்வியை நான் ஒரு காலத்தில் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டு திரிந்தவள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

1984 முதல் கல்யாணம் ஆகும்வரை ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தெருவில் பால்வாடி டீச்சராக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஒரே அறை, முன்னால் ஓடு வேய்ந்த தாழ்வாரம். காலையில் பாட்டும் விளையாட்டும், மத்தியானம் சத்துணவு, பிறகு தூக்கம். பிள்ளையைச் சேர்க்க வரும் தாயிடம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். தெருவில் பாதி வீடுகளில் பெண்களும் மில்லுக்கோ பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கோ போனார்கள்.

கனகா என்று ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். சுந்தரபாண்டியத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். வேதக்காரப் பையன் ஒருவனை, கிறிஸ்தவனை, விரும்பிக் கட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்தவள். இரண்டு வீட்டாரும் தலைமுழுகிவிட்டார்கள். அவனோ கேரளத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் கனகாவுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிப்ட். மூன்று வயதாகாத ஒரு பெண்குழந்தை, ரூபி. கனகா தெருவில் யாரோடும் பேச மாட்டாள். பேசினால் புருஷனைப் பற்றிக் கேட்பார்கள்.

ரூபி பால்வாடிக்கு ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. ஒருநாள் அதன் கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடம் இருந்தது. கொலுசு இறுக்கமாக இருந்திருக்கும் என்றார் ஆயா. எனக்கு உறுத்தலாக இருந்தது. பிறகு இரண்டு நாள் பிள்ளை வரவில்லை. மூன்றாம் நாள் காலை, பால்வாடியைத் திறக்குமுன் நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவில் பூட்டு. உள்ளே முனகல் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்டுரலில் ஒரு பழைய சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. அதன் மறுமுனை ரூபியின் காலில். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோறு, ஒரு டம்ளர் தண்ணீர். சோறு தரையில் சிதறிக் கிடந்தது. பிள்ளை அழுது ஓய்ந்து, அழுவதற்குத் தெம்பில்லாமல் உரலில் தலையைச் சாய்த்திருந்தது.

நான் கத்திவிட்டேன். எதிர்வீட்டு லட்சுமம்மா ஓடி வந்தாள். தெலுங்கு பேசுகிறவள், ஐம்பதை நெருங்குகிறவள், தெருவிலேயே பெரிய வாய்க்காரி. பூட்டை உடைத்தது அவள்தான். பிள்ளையைத் தூக்கி, "ரா தல்லி, ரா" என்று மார்போடு அணைத்துக்கொண்டாள். சேலைக் கிழிசலை அவிழ்த்தபோது தோல் உரிந்திருந்தது.

மில்லுக்கு ஆள் அனுப்பினோம். ஷிப்ட் முடியாமல் வெளியே விட மாட்டார்கள் என்று திரும்பி வந்தான். மத்தியானத்துக்கு மேல் கனகா வந்தபோது தெருவே அவள் வாசலில் நின்றது.

லட்சுமம்மா ஆரம்பித்தாள். "நீயெல்லாம் ஒரு தாயா? ஆட்டக் கட்டுற மாதிரி பிள்ளையக் கட்டிப்போட்டிருக்க!"

ராமையா என்று தொழிற்சங்கத்தில் இருப்பவர் ஒருவர். நல்ல மனிதர்தான். "போலீசுக்குச் சொல்லணும். இல்லேன்னா பிள்ளைய மதுரையில ஏதாச்சும் ஒரு ஹோம்ல கொண்டுபோய் விட்டுருவோம். அதுவாவது பொழச்சுக் கிடக்கும்" என்றார். நாலைந்து பேர் அதுதான் சரி என்றார்கள்.

கனகா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"கட்டாமப் போயிருந்தா அது செத்துல்லா போயிருக்கும்? வீட்டுக்குள்ள தண்ணித் தொட்டி இருக்கு. வெளிய விட்டா ரோட்டுல லாரி வருது. கட்டிப்போட்டதுனாலதான் இம்புட்டு நாளும் உசுரோட இருக்கு" என்றாள். "இந்தத் தெருவுல ரெண்டு வருசமாக் குடியிருக்கேன். மில் சங்கு ஊதும்போது நான் போறத எல்லாரும் பாக்கீக. பிள்ள எங்கன்னு என்னைக்காச்சும் ஒருத்தர் கேட்டிருக்கீகளா? புருசன் எங்கன்னுதான கேட்டீக?"

லட்சுமம்மாவின் வாயே அடைத்துவிட்டது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், பேச்சி, மெதுவாகச் சொன்னாள்: "நானும் பூட்டிட்டுத்தான்க்கா போறேன். எங்க வீட்டுலயும் ரெண்டு கிடக்கு. பெரியவன் சின்னதப் பாத்துக்கிடுதான்." பெரியவனுக்கு ஐந்து வயது. இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளும் அப்படித்தான் என்று யாரும் கேட்காமலே தெரிந்தது.

லட்சுமம்மா நெடுநேரம் ரூபியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கனகாவிடம், சண்டை போடும் அதே குரலில், "நாளைக்கு சங்கு ஊதும்போது பிள்ளைய எங்கிட்டக் கொண்டாந்து விடு. விடாமப் போனே, அப்பொறம் இருக்கு ஒனக்கு" என்றாள்.

4

அடுத்த நாள் வந்தது ரூபி மட்டுமில்லை. பேச்சியின் இரண்டும் வந்தன. லட்சுமம்மா வீட்டில் இடம் போதாமல் எல்லாரையும் பால்வாடித் தாழ்வாரத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டாள். நான் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஆரம்பித்தேன். முறை வைத்துக்கொண்டு தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மில்லுக்குப் போகாத பெண்கள் காலையிலும், போய்விட்டு வந்தவர்கள் சாயங்காலத்திலும். ராமையாவும் விட்டுவிடவில்லை. மில்லில் பேசி, பிள்ளைக்கு ஏதாவது என்றால் தாயை வெளியே விடுவதற்கு ஒரு வழி செய்தார்.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அம்மா என்னைக் கடிந்துகொண்டார். "ஒம்பது மணிக்கு முன்னால திறக்க விதியில்ல. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"கதவத் திறக்கல மேடம். தாழ்வாரத்துலதான் இருக்காங்க" என்றேன்.

அவர் தாழ்வாரத்தைப் பார்த்தார். லட்சுமம்மா நாலு பிள்ளைகளுக்கு வரிசையாக மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா எதுவும் எழுதாமல் போய்விட்டார்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கனகா வீட்டிலிருந்து அலறல் கேட்டது. ரூபி மண்ணெண்ணெயைத் தட்டிவிட்டிருந்தாள். கனகா கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாதவளாக அடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கண் பிள்ளையைப் பார்க்கவே இல்லை.

லட்சுமம்மா நேராக உள்ளே போய்ப் பிள்ளையைப் பிடுங்கி என்னிடம் தந்தாள். கனகாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நேத்து ராத்திரி தூங்குனியா?" என்று கேட்டாள்.

கனகா இல்லை என்று தலையசைத்தாள்.

"சாப்புட்டியா?"

அதற்கும் இல்லை.

"படு. பிள்ள எங்க வீட்டுல இருக்கட்டும். எந்திரிச்ச பொறவு வந்து கூட்டிக்கோ."

கனகா அப்படியே தரையில் சரிந்து படுத்தாள். ரூபியின் முழங்கையில் நான் எண்ணெய் தடவிவிட்டேன். அடித்தது தப்பில்லை என்று லட்சுமம்மா சொல்லவில்லை. மறுநாள் காலையில் கனகாவை உட்காரவைத்து, "இன்னொரு தரம் அதும்மேல கை வச்சேன்னா நானே போலீசுக்குப் போவேன். கை ஓங்குறதுக்கு முந்தி எங்க வாசலுக்கு வந்துரு, எந்த நேரமானாலும்" என்று தெளிவாகவே சொன்னாள். கனகா பல நாள் அப்படி வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் சொல்லமாட்டாள். பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

ஊரை உயர்த்திச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதே தெரு முனையில் பெரிய சுற்றுச்சுவர் வைத்த ஒரு வீடு இருந்தது. வ. புதுப்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்குக் கொண்டுவந்த ஒரு சிறுமி அங்கே இருந்தாள். கையில் சூடுபட்ட தழும்புகளோடு குழாயடிக்கு வருவாள். லட்சுமம்மா அந்த வீட்டுக்கும் போனாள். வாட்ச்மேன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். நான் மேலே எழுதிப் போட்டேன். ஒருவரும் வரவில்லை. பிறகு அந்தப் பெண் குழாயடிக்கு வருவதும் நின்றுபோனது. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அந்த வீட்டு மணியை அடித்து, மாடியைப் பார்க்கலாமா என்று கேட்க அன்றைக்கு ஒரு கரோல் இருந்திருக்கலாம்.

1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கல்யாணத்துக்குக் கனகா வந்திருந்தாள். ரூபிக்குப் பட்டுப் பாவாடை. "டீச்சர்கிட்டப் போ" என்று தள்ளினாலும் அது வரவில்லை. லட்சுமம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டது. அதைப் பார்த்து கனகா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

5

மருத்துவமனைக்குப் போய்வந்த அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் இல்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். என் கணவர் தொலைபேசியில் கொதித்தார். "நம்ம பிள்ளைய நாமளே அடிச்சோம்னு சொல்லுதானுவளா? வக்கீல் வச்சுக் கேப்போம்."

"வேண்டாம்ங்க. அவிய கேட்டது தப்பில்ல" என்றேன். அதற்கு மேல் என்னால் விளக்க முடியவில்லை. எகிப்து லைன் கரகரத்தது.

என்னை வருத்தியது வேறு. கவிதா வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் "நத்திங்" என்பாள். ஒருநாள் குளிப்பாட்டும்போது, தமிழும் ஆங்கிலமுமாகக் கலந்து சொன்னாள்: "அம்மா, ஐ ப்ராமிஸ். நீ சொல்றத நான் இனிமே யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தப் பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பால்வாடியில் எத்தனை பிள்ளைகளிடம் நான் இந்த மௌனத்தைப் பார்த்திருக்கிறேன். அதை உடைக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். இப்போது என் வீட்டிலேயே அது வந்து உட்கார்ந்திருந்தது.

துண்டில் சுற்றி மடியில் உட்காரவைத்தேன்.

"இங்க பாரு. நீ சொன்னது தப்பே இல்ல. பயமா இருந்துச்சுன்னா சொல்லணும். டீச்சர்ட்ட, அப்பாட்ட, யார்ட்டன்னாலும். யாரு உன்னய என்ன செஞ்சாலும் சொல்லணும். நான் செஞ்சாலும் சொல்லணும். சரியா?"

"பட் தென் தே வில் கம்."

"வரட்டும். வந்து பாத்துட்டுப் போகட்டும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. "கொன்னுருவேன்னா என்னம்மா?" என்று கேட்டாள். கோபத்தில் வரும் ஒரு சொல், அர்த்தமில்லாதது என்றேன். "அர்த்தம் இல்லைன்னா ஏன் சொல்ற?" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை. என் வாயில் அம்மாவின் குரல் கொஞ்சம் குறைந்துவிட்டது.

இடையில் நர்ஸ் மார்கரெட் ஒருமுறை தனியாக வந்தார். இந்த முறை சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தார். வியாழக்கிழமைகளில் சர்ச் ஹாலில் தாய்மார்கள் கூடுகிறார்கள், வாருங்களேன் என்றார். போனேன். பழைய சோபாக்கள், தரையில் பொம்மைகள், பிளாஸ்டிக் கோப்பைகளில் ஜூஸ். பெண்கள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் சிரிக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வர ஒரு நொடி தாமதமாகும். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். இருந்தும் ஒவ்வொரு வியாழனும் போகிறேன். ஒரு அறையில் பத்துப் பெண்கள் பிள்ளைகளோடு மூச்சுவிடும் சத்தம் கேட்டால் போதும் என்று சில நாள் தோன்றுகிறது.

6

எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டில் ட்ரேசி என்று ஒரு பெண் இருக்கிறாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. ஒன்றரை வயதுப் பையன் ஒருவன். ஆண் யாரும் வந்து போவதாகத் தெரியவில்லை. இங்கே வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. பையன் அழுவது எனக்குக் கேட்கும். சில நாள் ட்ரேசி கத்துவதும், பிறகு அவளே அழுவதும் கேட்கும். நான் தமிழில் கத்துவது அவளுக்கும் கேட்டிருக்கும்.

போன வாரம் அந்த அழுகை நிற்கவே இல்லை. என் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கரோல் கொடுத்துவிட்டுப் போன எண் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. கூப்பிடலாம். அடி விழும் சத்தமோ வேறெதுவோ கேட்டால் கூப்பிடத்தான் வேண்டும். அன்று கேட்டது களைப்பின் சத்தம். சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பத்தடி தூரம் இருக்கும். இத்தனை வருடத்தில் நான் அந்தக் கதவைத் தட்டியது கிடையாது. அழைக்காமல் இங்கே யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை.

தட்டினேன். கதவு பாதி திறந்தது. கண்கள் வீங்கியிருந்தன.

"ஸாரி, சத்தம் ரொம்ப அதிகமா?" என்றாள் ஆங்கிலத்தில். புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"இல்லை, இல்லை. சத்தத்துக்காக வரவில்லை. நான் அவனைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளட்டுமா?"

அவள் முகம் இறுகியது. "நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். தேங்க்யூ" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

வாசலில் நின்றேன். மழை தூறியது. எனக்கு அவமானமாக இல்லை. மணியடித்து வந்த கரோலிடம் நானும் இதே முகத்தைத்தான் காட்டியிருப்பேன்.

நேற்று சனிக்கிழமை. சாயங்காலம் கவிதா தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். சின்னவன் தூங்கியிருந்தான். வாசல் மணி அடித்தது. ட்ரேசி நின்றுகொண்டிருந்தாள். கையில் பையன், மூக்கு ஒழுக, முகம் சிவக்க.

"நான் தலைக்குக் குளித்து ஒரு வாரமாகிறது. அரை மணி நேரம் போதும்" என்றாள். கேட்பதற்கு அவ்வளவு கஷ்டப்பட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கையை நீட்டினேன். பையன் வர மறுத்துக் காலை உதைத்தான். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன். கனமான பிள்ளை. புது வாசனை. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நெடுநேரம் கேட்டது. கவிதா தன் வண்ணப் பென்சில் ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். அதை எறிந்துவிட்டு இன்னும் பலமாக அழுதான்.

அப்போது எகிப்திலிருந்து போன் வந்தது. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் ரிசீவர்.

"அழுறது யாரு? நம்ம சின்னவனா?" என்று என் கணவர் பதறினார். "அவனுக்கு என்ன?"

"அவன் தூங்குதான்."

"பொறவு யாரு?"

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் ஒருமுறைகூடச் சொல்லியிராத ஒன்றைச் சொன்னேன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளதாங்க."